ஊசி பிடிக்கும் உரிமை: ஒரு தாதியும் இரண்டு லைசன்சும்

எமது புலம்பெயர் சஞ்சிகைகளில் மாற்று மருத்துவம் பற்றி நடக்கும் விவாதங்கள் பெரும்பாலும் இரண்டு கட்சிகளுக்கு இடையிலானவை. ஒரு கட்சிக்கு மேற்கத்தைய மருத்துவம் என்பது மருந்துக் கம்பனிகளின் சூழ்ச்சி; கீழைத்தேயத்திலிருந்து வரும் எதுவும் ஆதிக்கத்துக்கு எதிரானது. மற்றக் கட்சிக்கு ஆய்வுகூடத்தில் நிறுவப்படாத எதுவும் மூடநம்பிக்கை. நான் நீண்டகாலமாக இரண்டாவது கட்சிக்காரன். ஊரில் பதினொரு வருடம் மெய்யியல் விரிவுரையாளராக இருந்தவன், அளவையியல் படிப்பித்தவன் வேறு எந்தக் கட்சியில் இருக்க முடியும்?

இப்பொழுது எனக்கு ஐம்பத்தேழு வயது. நியூ ஜேர்சியின் பிஸ்கட்டவேயில் இருக்கிறேன். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் இரண்டு பெரிய வளாகங்கள் எங்கள் ஊரிலேதான் இருக்கின்றன. வேலைக்குப் போகும் வழியில் தினமும் அவற்றைக் கடந்துதான் போகிறேன். நான் போவது லோஷன் போத்தல் நிரப்பும் ஒரு தொழிற்சாலைக்கு. போத்தல்கள் அடைத்த பெட்டிகளை லைனிலிருந்து தூக்கிப் பலகையில் அடுக்குவது என் வேலை. எட்டு மணித்தியாலம், அதே உயரம், அதே திருப்பம். இதைச் செய்பவர்களில் தோள் வலியோ நாரி வலியோ இல்லாத ஒருவரையும் நான் கண்டதில்லை.

எங்கள் தொடர்மாடியில் இலங்கைத் தமிழ்ப் பெண் ஒருவர் இருக்கிறார். பெயர் எழுத வேண்டாம் என்றார். காரணம் பின்னால் விளங்கும். அவரைத் தாதி என்றே குறிப்பிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் தாதியாகப் பயிற்சி பெற்றவர். வெளிநாடு வருவதற்காகக் கொழும்பில், வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் ஒன்றரை வருடம் காத்திருந்த காலத்தில் அக்குபங்சர் வகுப்பொன்றில் சேர்ந்து ஒரு சான்றிதழும் பெற்றவர். அந்நாட்களில் கொழும்பில் அது ஒன்றும் புதினமில்லை. களுபோவில அரசாங்க ஆஸ்பத்திரியில் டொக்டர் அன்ரன் ஜயசூரிய நடத்திய அக்குபங்சர் சிகிச்சைநிலையத்துக்கு உலகின் பல நாடுகளிலிருந்தும் மாணவர்கள் வந்து போனார்கள். ஏழை நோயாளிகள் காலையிலேயே வரிசையில் நிற்பார்கள். ஊசி எமக்குச் சீனாவிலிருந்து நேரே வந்ததல்ல. கொழும்பு வழியாக வந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டோம்.

இங்கு வந்தபின் அவர் பரீட்சைகள் எழுதிப் பதிவுபெற்ற தாதியானார். முதியோர் பராமரிப்பு நிலையமொன்றில் இரவு வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வீட்டு முன்னறையில் எங்களைப் போன்றவர்களுக்கு ஊசி போடுவார். காசு வாங்கமாட்டார். நான் அவரிடம் போனதில்லை. போகிறவர்களை நையாண்டி பண்ணுவேன்.

2023 இலையுதிர் காலத்தில் எனது இடது தோள் வலி தாங்க முடியாமற் போனது. மனைவியின் நச்சரிப்பில் ஒரு ஞாயிறு போனேன். சேட்டைக் கழற்றிவிட்டு இருந்தேன். அவர் ஊசிப் பெட்டியைத் திறக்கவில்லை. தோளை அங்குமிங்கும் அழுத்தினார், வலி கூடவில்லை. கையைத் தூக்கச் சொன்னார், கூடவில்லை. "படி ஏறேக்கை கூடுதோ அண்ணை?" என்று கேட்டார். கூடும் என்றேன். "நிண்டால் குறையுதோ?" குறையும் என்றேன். பிரஷர் பார்த்தார். பிறகு சொன்னார்: "இண்டைக்கு ஊசி இல்லை. சேட்டைப் போடுங்கோ, காரிலை ஏறுங்கோ."

இருதயத்து இரத்தக் குழாயொன்று பெருமளவு அடைபட்டிருந்தது. அடுத்தநாள் அதற்குள் ஸ்ரென்ற் வைத்தார்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு ஆஸ்பத்திரிச் செலவில் உதவும் 'சரிற்றி கெயர்' திட்டம் இந்த மாநிலத்தில் இல்லாவிட்டால் அந்தப் பில்லைப் பார்த்தே என் இருதயம் நின்றிருக்கும்.

எனக்கு நடந்த அக்குபங்சர் வைத்தியம் இவ்வளவுதான்: ஒரு ஊசியும் போடப்படவில்லை. ஆயினும் அதற்குப் பிறகே இந்த விடயத்தைப் படிக்கத் தொடங்கினேன். ஏனெனில் அந்தத் தாதி என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். நாற்பத்தொன்பது வயதில் தான் நேர்ஸ் பிரக்ரிசனருக்குப் படிப்பதா, அக்குபங்சர் லைசன்சுக்குப் படிப்பதா, இரண்டுக்கும் படிப்பதா, அல்லது ஊசிப் பெட்டியை மூடிவிடுவதா? எனக்கு உயிர் தந்தவருக்குப் பதில் தேடிக் கொடுப்பது என் கடமை. அந்தத் தேடலின் பயனே இக்கட்டுரை. எம்மவரின் பிள்ளைகள் பலர் தாதியியல் படிக்கிறார்கள். எனவே அவர் ஒருவரின் பிரச்சினை மட்டுமல்ல இது.

1. தொழிற்சாலையிலிருந்து வந்த ஒருத்தி

அமெரிக்காவில் அக்குபங்சர் பிரபலமான கதை வழமையாக 1971 யூலையில் ஆரம்பிக்கும். நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்ரன் பீக்கிங்கில் குடல்வால் சத்திரசிகிச்சை செய்துகொண்டார். அதன்பின் வந்த வயிற்று வேதனைக்கு ஊசி போட்டார்கள். அதைப் பற்றித் தனது பத்திரிகையில் எழுதினார். அடுத்த வருடம் நிக்சன் சீனா போனார். அமெரிக்கர்களுக்கு ஊசி மோகம் பிடித்தது. மயக்கமருந்துக்குப் பதிலாக ஊசி போட்டே ரெஸ்ரனுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது என்று இன்றும் பலர் சொல்வார்கள். அது தவறு. மயக்கமருந்து வழமையான முறையிலேயே கொடுக்கப்பட்டது. ஊசி வந்தது பின்னர்தான்.

எனக்குப் பிடித்த கதை வேறு. மிரியம் லீ சீனாவில் தாதியாகவும் மருத்துவிச்சியாகவும் பயிற்சி பெற்றவர். சீனாவை விட்டுச் சிங்கப்பூருக்குப் போய் அங்கு பல வருடங்கள் வாழ்ந்தபின் 1969இல் கலிபோர்னியாவுக்கு வந்தார். அவரது தாதிப் படிப்பும் ஊசிப் படிப்பும் அங்கு செல்லுபடியாகவில்லை. ஒரு தொழிற்சாலையின் அசெம்பிளி லைனில் வேலை செய்தார். இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் இருந்தேன். எங்களில் எத்தனை பேரின் கதை இது!

அவர் அயலவருக்கு ஊசி போடத் தொடங்கினார். பிறகு பாலோ அல்ரோவில் ஒரு மருத்துவரின் இடத்தில் வைத்துச் செய்தார். கூட்டம் பெருகியது. ஆளாளுக்கு யோசித்துப் புள்ளி தெரிவுசெய்ய நேரமில்லாததால், இரு கைகளிலும் இரு கால்களிலுமாக ஐந்து புள்ளிகளில் பத்து ஊசிகள் என்ற ஒரு முறையை அமைத்துக்கொண்டார். இன்றும் அந்தப் பத்து ஊசி முறை அவர் பெயரால் படிப்பிக்கப்படுகிறது. 1974இல், லைசன்ஸ் இல்லாமல் மருத்துவம் செய்தார் என்று அவரைக் கைது செய்தார்கள். வழக்கு நாளன்று அவருடைய நோயாளிகள் நீதிமன்றத்தில் நிறைந்தார்கள். தமக்கு இந்த வைத்தியம் வேண்டும் என்றார்கள். முதலில் ஆராய்ச்சி என்ற பெயரில் அவர் தொடர அனுமதிக்கப்பட்டது. 1975இல் ஆளுநர் ஜெரி பிரவுண் காலத்தில் அக்குபங்சருக்கென்று சட்டம் வந்தது. அச்சட்டமும் ஆரம்பத்தில் மருத்துவர், பல்வைத்தியர் போன்ற ஒருவர் நோயை நிர்ணயித்தோ அனுப்பியோ வைத்த ஆளுக்கே ஊசி போடலாம் என்றது. அந்த நிபந்தனை நீங்க மேலும் சில வருடங்கள் எடுத்தன.

இக்கதையில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நீதிமன்றத்தில் எழுந்தது 'ஊசி வேலை செய்யுமா?' என்ற கேள்வி அல்ல. 'ஊசியைப் பிடிக்க யாருக்கு உரிமை?' என்பதே. ஐம்பது வருடம் கழித்தும் எங்கள் தாதிக்கு முன்னால் நிற்பது அதே கேள்விதான்.

2. இரண்டு படிப்பு, இரண்டு உரிமை

நேர்ஸ் பிரக்ரிசனர் என்ற தொழில் 1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் பிறந்தது. தாதி லொரெற்றா ஃபோர்ட்டும் சிறுவர் மருத்துவர் ஹென்றி சில்வரும் அதைத் தொடங்கினார்கள். கிராமங்களிலும் ஏழைகளிடையேயும் மருத்துவர் போதாத காலம் அது. அனுபவமுள்ள தாதிக்கு மேற்படிப்புக் கொடுத்தால் நோயைப் பரிசோதித்து நிர்ணயிக்கவும் மருந்து எழுதவும் முடியும் என்பதே எண்ணம். ஃபோர்ட் 2025 யனவரியில் தனது 104ஆவது வயதில் இறந்தபோது அந்தத் தொழிலில் இலட்சக்கணக்கானோர் இருந்தார்கள். பதிவுபெற்ற தாதியாகி, தாதியியலில் முதுமாணியோ கலாநிதிப் பட்டமோ பெற்று, நூற்றுக்கணக்கான மணித்தியாலங்கள் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்து, தேசியப் பரீட்சையும் எழுத வேண்டும். நியூ ஜேர்சிச் சட்டம் இவர்களை 'அட்வான்ஸ்ட் பிரக்ரிஸ் நேர்ஸ்' என்று அழைக்கிறது. மருத்துவரின் எழுத்து உடன்பாடு இல்லாமல் தனித்து இயங்கலாமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்.

அக்குபங்சர் லைசன்ஸ் முற்றிலும் வேறு பாதை. நியூ ஜேர்சியில் 1983இல் அதற்குச் சட்டம் வந்தது. தனியான பரீட்சைச் சபை ஒன்றும் உண்டு. அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் குறைந்தது மூன்று கல்வியாண்டு, 1,905 மணித்தியாலம் படிக்க வேண்டும். அவற்றில் 705 சீன மருத்துவக் கோட்பாடும் ஊசி முறையும். 660 நோயாளிகளோடு பயிற்சி. 450 நவீன உயிர்மருத்துவம். 90 நோயாளியோடு பேசுவதும் தொழில் நடத்துவதும். பிறகு தேசியப் பரீட்சை. எங்கள் தாதியின் கொழும்புச் சான்றிதழ் இந்தக் கணக்கில் எங்கும் வராது. எனது மெய்யியல் பட்டத்துக்கு நடந்ததுதான் அதற்கும் நடந்தது.

இங்கே ஓர் அநீதியையும் சொல்ல வேண்டும். பல மாநிலங்களில் ஒரு மருத்துவர் ஊசி போட விரும்பினால் 200 அல்லது 300 மணித்தியாலப் பயிற்சி போதும். சிலவற்றில் அதுவும் வேண்டாம். தாதிக்கு அந்தக் குறுக்குவழி பெரும்பாலும் இல்லை. மருத்துவரின் உடற்கூற்றறிவு கூடுதல் என்பது நியாயமான வாதம்தான். ஆனால் நேர்ஸ் பிரக்ரிசனரும் நோயை நிர்ணயிக்கிறார், மருந்து எழுதுகிறார் என்று ஒப்புக்கொண்ட அரசு, மெல்லிய ஊசி என்று வந்ததும் அவரை முதலாம் ஆண்டு மாணவியோடு இருத்துகிறது. அறிவின் அளவு மட்டும் இதைத் தீர்மானிக்கவில்லை. தொழில்களின் படிநிலையும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

3. 2020இல் திறந்த ஒரு கதவு

இவ்வளவு பாடுபட்டு இரண்டையும் ஒருவர் ஏன் சேர்க்க வேண்டும்? இதற்கு ஒரு நடைமுறைப் பதில் 2020 யனவரி 21இல் வந்தது. அன்றுதான் 65 வயதுக்கு மேற்பட்டோருக்கும் ஊனமுற்றோர் சிலருக்குமான அரசாங்கக் காப்புறுதியான மெடிகெயார், நாட்பட்ட நாரி வலிக்கு அக்குபங்சரை ஏற்றுக்கொண்டது. போதைக் குளிசைகளால் நாடு பட்ட அழிவே அதற்குப் பின்னணி.

விதிகள் இவை. வலி 12 கிழமையாவது நீடித்திருக்க வேண்டும். புற்றுநோய், தொற்று போன்ற குறித்த காரணம் இருக்கக்கூடாது. சத்திரசிகிச்சையாலோ கர்ப்பத்தாலோ வந்ததாகவும் இருக்கக்கூடாது. 90 நாளில் 12 தடவை போடலாம். முன்னேற்றம் தெரிந்தால் இன்னும் 8. வருடத்துக்கு 20க்கு மேல் இல்லை. முன்னேற்றம் இல்லையேல் நிறுத்த வேண்டும்.

அடுத்தது முக்கியமானது. வாழ்நாள் முழுதும் ஊசி ஒன்றையே படித்த லைசன்ஸ் பெற்ற அக்குபங்சர் வைத்தியர் மெடிகெயாருக்குத் தானாகப் பில் அனுப்ப முடியாது. மருத்துவரோ, மருத்துவ உதவியாளரோ, நேர்ஸ் பிரக்ரிசனரோ ஒருவருடைய மேற்பார்வையின் கீழேயே அவர் வேலை செய்யலாம். இதை மாற்றுவதற்கான மசோதாக்கள் காங்கிரசில் பலமுறை வந்தும் நிறைவேறவில்லை. ஆனால் நேர்ஸ் பிரக்ரிசனர் ஒருவர் அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் அக்குபங்சர் முதுமாணிப் பட்டமும் மாநில அக்குபங்சர் லைசன்சும் வைத்திருந்தால் தானே ஊசி போட்டுத் தானே பில் அனுப்பலாம். அதாவது இரண்டு லைசன்சும் உள்ள தாதி எவருடைய பெயருக்குக் கீழும் ஒதுங்கி நிற்கத் தேவையில்லை.

நாளாந்த வேலையில் இதன் பொருள் என்ன? நாரி வலியோடு ஒரு கிழவி வருகிறார். இரத்தம் உறையாமற் தடுக்கும் வார்பரின் எடுக்கிறாரா, இருதயத்தில் பேஸ்மேக்கர் இருக்கிறதா (இருந்தால் ஊசியில் மின்சாரம் பாய்ச்சக்கூடாது), கால் மரத்துப்போகிறதா, சிறுநீர் கட்டுப்படுகிறதா, காரணமின்றி நிறை குறைந்ததா என்று பார்க்க வேண்டும். சந்தேகமிருந்தால் எக்ஸ்ரேயோ இரத்தப் பரிசோதனையோ எழுத வேண்டும். தனி அக்குபங்சர் வைத்தியரும் இதையெல்லாம் கேட்பார். ஆனால் அடுத்த அடிக்கு இன்னொருவரிடம் அனுப்ப வேண்டும். இரண்டும் உள்ளவர் ஒரே மேசையில் முடிக்கிறார். வலிக் குளிசையைக் குறைக்க வேண்டுமானால் அதையும் அவரே படிப்படியாகக் குறைக்கலாம்.

இடைஞ்சல்களும் உண்டு. சிகிச்சைநிலையங்கள் நேர்ஸ் பிரக்ரிசனரிடம் எதிர்பார்ப்பது கால் மணித்தியாலத்துக்கு ஒரு நோயாளி. ஊசி போட்டால் ஆள் இருபது, முப்பது நிமிடம் படுத்திருக்க வேண்டும். லைனின் வேகத்தைக் கூட்டச் சொல்லும் சுப்பவைசரைத் தெரிந்த எனக்கு இதை விளக்கத் தேவையில்லை. மேலும், லைசன்ஸ் இருந்தாலும் வேலை கொடுப்பவர் ஊசிக்கு அனுமதிக்க வேண்டும். தவறு நேர்ந்தால் ஈடுசெய்யும் காப்புறுதி இரண்டு தொழிலையும் உள்ளடக்க வேண்டும். இரண்டு லைசன்சையும் தனித்தனியே புதுப்பிக்க வேண்டும். எனவே இரண்டும் உள்ளவர்கள் சிலர் கிழமையில் மூன்று நாள் ஆஸ்பத்திரி, இரண்டு நாள் சொந்த ஊசியறை என்று பிரித்துக்கொள்கிறார்கள். இணைப்பு என்று நாம் சொல்வது நடைமுறையில் பல வேளை ஒரு கால அட்டவணைதான்.

4. ஒரே காதில் இரண்டு அரசியல்

மூன்று வருடம் படிக்காமல் தாதி ஊசியைத் தொடக்கூடிய ஒரு வழி காது. 1970இல் நியூயோர்க்கின் தென் புரொங்ஸில் லிங்கன் ஆஸ்பத்திரியின் ஒரு பகுதியை யங் லோட்ஸ், கருஞ்சிறுத்தைகள் முதலிய இளைஞர்கள் கைப்பற்றிப் போதைக்கு அடிமையானோருக்கான சிகிச்சை மையத்தைத் தொடக்கினார்கள். ஹெரோயினிலிருந்து மீட்க மெதடோன் என்ற இன்னொரு போதையைக் கொடுப்பதை அவர்கள் எதிர்த்தார்கள். அப்போது ஹொங்கொங்கில் நரம்புச் சத்திரசிகிச்சை நிபுணர் எச். எல். வென், காதில் போட்ட ஊசி அபினை நிறுத்தும்போது வரும் அவஸ்தையைக் குறைத்ததைக் கண்டு எழுதியிருந்தார். லிங்கன்காரர் அதைக் கற்றார்கள். முற்றுலு ஷகூர் அவர்களில் ஒருவர்; பின்னர் ஆயுதக் கொள்ளை வழக்கில் நீண்டகாலம் சிறையிருந்து 2022 இறுதியில் விடுதலையாகி 2023இல் இறந்தார். 1978இல் மாநகர நிர்வாகம் அந்தக் குழுவை அங்கிருந்து வெளியேற்றியது. ஆனால் ஊசி எஞ்சியது. டொக்டர் மைக்கல் ஸ்மித் அதைக் காதின் ஐந்து புள்ளிகளுக்குள் ஒழுங்குபடுத்தினார். 1985இல் அதற்கென்று ஒரு தேசிய அமைப்பு உருவாகியது. ஏறக்குறைய 70 மணித்தியாலப் பயிற்சி. சில மாநிலங்களில் தாதிகளும் ஆற்றுப்படுத்துநர்களும் இதைச் செய்யலாம்; ரெக்சாஸில் இதற்குத் தனிச் சான்றிதழே உண்டு.

2001இல் அமெரிக்க விமானப்படை மருத்துவர் ரிச்சர்ட் நீம்சோ வேறோர் ஐந்து புள்ளிகளைக் காதில் கண்டு 'போர்க்கள அக்குபங்சர்' என்று பெயரிட்டார். வலியுள்ள படையினருக்கு நிமிடங்களில் போட்டு அனுப்பலாம். முன்னாள் படையினருக்கான அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மருத்துவர்களோடு நேர்ஸ் பிரக்ரிசனர்களும் இதில் பயிற்றப்பட்டார்கள். கருஞ்சிறுத்தையின் காதும் படையினனின் காதும் ஒரே அளவுதான். ஒரு மருத்துவ முறை எந்த அரசியலுக்குச் சொந்தம் என்று கட்டுரை எழுதும் நண்பர்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

5. வேலை செய்யுமா?

என் பழைய கட்சியின் கேள்வி இது. கைவிடவில்லை. ஜேர்மனியில் இருக்கும் வாசகர்களுக்கு அங்கு நடந்த பெரிய பரிசோதனை தெரிந்திருக்கலாம். 2007இல் வெளிவந்த முடிவு: நாரி வலியுள்ள 1,162 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். முறைப்படி ஊசி போட்டவர்களில் 47.6 வீதமானோர் பயன் பெற்றார்கள். சீனப் புள்ளிகளல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களில் 44.2 வீதம். வழமையான மருந்தும் தேகப்பயிற்சியும் பெற்றவர்களில் 27.4 வீதம். இந்த மூன்று இலக்கங்களையும் நான் பல நாள் யோசித்தேன். பொய் ஊசியும் உண்மை ஊசியும் ஏறக்குறைய ஒன்று. ஆகவே புள்ளிகளும் நாடிகளும் சொல்லப்பட்டபடி இல்லை என்று ஒருவர் வாதிடலாம். இரண்டுமே வழமையான வைத்தியத்தை வென்றன. ஆகவே நோயாளிக்கு ஊசி நல்லது என்று இன்னொருவர் வாதிடலாம். இருவரும் சரி. ஜேர்மன் பொதுக் காப்புறுதி நாரி வலிக்கும் முழங்கால் தேய்வுக்கும் ஊசிக்குக் காசு கொடுக்க முடிவுசெய்தது.

39 பரிசோதனைகளில் 20,827 பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த 2018ஆம் ஆண்டு ஆய்வு, நாட்பட்ட வலியில் உண்மை ஊசி பொய் ஊசியைவிடக் கொஞ்சம் மேல், ஊசியே போடாததைவிடக் கணிசமாக மேல் என்றது. பிரித்தானியாவின் வழிகாட்டல் நிறுவனம் 2009இல் நாரி வலிக்கு ஊசியைப் பரிந்துரைத்தது. 2016இல் வேண்டாம் என்றது. 2021இல் காரணம் தெரியாத நாட்பட்ட வலிக்குப் பரிசீலிக்கலாம் என்றது. ஒரே தரவைப் பார்த்து அறிஞர்கள் தடுமாறும் இடம் இது. வலிக்கு வெளியே போகப் போக ஆதாரம் மெலிகிறது. நீரிழிவையும் புற்றுநோயையும் ஊசியால் மாற்றுவேன் என்பவனை நம்பக்கூடாது என்பதில் எனக்குத் தடுமாற்றமில்லை.

ஊசி முற்றிலும் ஆபத்தற்றதும் அல்ல. மயிரிழை போன்ற, துளையில்லாத ஊசி அது. 1996இல் உணவு மருந்து நிர்வாகம் அதைப் பரிசோதனைக் கருவி என்ற வகையிலிருந்து எடுத்து, கிருமி நீக்கியதாக, ஒருமுறை மட்டும் பாவிப்பதாக இருக்க வேண்டும் என்று விதித்தது. ஆனால் கழுத்துக்கும் தோளுக்கும் இடையில் ஆழமாகக் குத்தினால் நுரையீரலின் உச்சி துளைபடலாம். அரிது, ஆனால் நடந்திருக்கிறது. தோள் வலிக்காரர் அதிகம் கேட்கும் இடமும் அதுவே.

6. போடாமல் விடும் அறிவு

தமிழ்நாட்டில் அக்குபங்சர் வேறொரு பாதையில் போனது. இந்திய அரசு 2019இல் அக்குபங்சரை ஒரு சிகிச்சை முறையாக ஏற்றது; அதற்கு முன்னரும் பின்னரும் 'ஹீலர்'கள் பெருகினார்கள். பலர் ஊசியே போடுவதில்லை. விரலால் ஒரு புள்ளியைத் தொடுவார்கள். நேர்மையாகச் செய்பவர்களும் அவர்களிடையே இருக்கலாம். ஆனால் மருந்தை நிறுத்து, தடுப்பூசி வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போகாதே என்ற பிரச்சாரமும் சேர்ந்தே வருகிறது. 2018இல் திருப்பூரில் வீட்டுப் பிரசவத்தில் ஒரு பெண் இறந்ததைத் தொடர்ந்து, வீட்டுப் பிரசவத்துக்குப் பயிற்சி என்று விளம்பரம் செய்த ஹீலர் ஒருவர் கோவையில் கைதானார். ஆதிக்க மருத்துவத்துக்கு எதிரான குரல் என்று நம்மில் சிலர் இதைக் கொண்டாடியதை நான் மறக்கவில்லை.

அப்படிப்பட்ட ஒருவரிடம் நான் அந்த ஞாயிறு போயிருந்தால்? தோளில் ஒரு புள்ளி தொடப்பட்டிருக்கும். ஆறுதலாகவும் இருந்திருக்கும். திங்கள் வேலைக்குப் போயிருப்பேன்.

ஆகவே தாதியையும் ஊசியையும் இணைப்பதன் பெறுமதி கீழைத்தேயமும் மேலைத்தேயமும் கைகோர்ப்பதில் இல்லை. ஊசி தெரிந்தவருக்கு ஊசி போடக்கூடாத இடமும் தெரிந்திருப்பதில் இருக்கிறது. நோயாளி ஆறுதல் தேடி ஊசியிடம்தான் முதலில் வருகிறான். ஆஸ்பத்திரிக்குப் பயம், செலவு, மொழி. அந்த வாசலில் நிற்பவர் நோயை அடையாளம் காணக்கூடியவராக இருந்தால் ஊசியறையே ஒரு காவலரண் ஆகிவிடும். லைசன்ஸ் என்ற வேலியை நான் வெறுத்தவன். எனது படிப்பை வெளியே விட்டது அது. ஆனால் அந்த 1,905 மணித்தியாலத்துக்குள் இருக்கும் 450 மணித்தியாலம் எதற்கென்று இன்று எனக்குத் தெரியும்.

இதைச் சொன்னபின், எங்கள் தாதியின் ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாதி லைசன்ஸ் ஊசிக்கு உரிமை தராது. காசு வாங்காதது அவரைக் காப்பாற்றும் என்று நம்பவும் இடமில்லை. ஒரு நுரையீரல் துளைபட்டால் தாதி லைசன்சும் போகும்; குடும்பமும் தெருவில். மிரியம் லீக்கு நீதிமன்றம் நிறைய ஆள் வந்தது. விசா நிச்சயமற்ற எங்களில் எத்தனை பேர் நீதிமன்றப் படியேறி அவருக்காகச் சாட்சி சொல்வோம்? இதை அவரிடம் நேரே சொன்னேன். ஊசியைப் பழித்த காலத்தில் சொல்லியிருந்தால் அது எனக்கு இலகுவாக இருந்திருக்கும். அவர் கோபிக்கவில்லை. "தெரியும் அண்ணை. ஆனா வாறவைக்கு வேறை ஆர் இருக்கினம்?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மெடிகெயார் திறந்த கதவு 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. பெட்டி தூக்கும் நாற்பது வயதுக்காரனுக்கு அது திறக்காது. ஒரேகனின் போட்லண்டில் 2002இல் 'உழைக்கும் வர்க்க அக்குபங்சர்' என்ற பெயரில் ஒரு முயற்சி தொடங்கியது. ஒரு பெரிய அறை, பல சாய்கதிரைகள், எல்லாரும் ஒன்றாக இருந்து ஊசி போட்டுக்கொள்வார்கள். இயன்ற காசைக் கொடுப்பார்கள். பல நகரங்களில் அது பின்பற்றப்பட்டது. பிஸ்கட்டவேயிலோ எடிசனிலோ அப்படியொரு அறை, அதில் இரண்டு லைசன்சும் உள்ள ஒரு தாதி: இது நடக்காத காரியமல்ல.

அவர் முடிவெடுத்துவிட்டார். ஊசிப் பெட்டியை அலுமாரியில் வைத்துவிட்டார். முதலில் நேர்ஸ் பிரக்ரிசனர் படிப்பு. அதை வேலை செய்துகொண்டே படிக்கலாம், வருமானமும் கூடும். அதன்பின் அக்குபங்சர், அதற்கு எடிசனில் ரயிலேறி நியூயோர்க் போக வேண்டியிருக்கும். முடியும்போது தனக்கு ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு வயதாகிவிடும் என்கிறார். எனக்கு இப்போது அந்த வயதுதான். இது பெரிய வயதில்லை என்று சொல்லியிருக்கிறேன். இரவு வேலை இல்லாத நாட்களில் எங்கள் குசினி மேசையில் அவரது ஆங்கிலப் பாடநூல்களை இருவரும் சேர்ந்து வாசிக்கிறோம். பல வருடங்களுக்குப் பிறகு நான் மீண்டும் பாடம் எடுக்கிறேன். அல்லது எடுக்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறேன். இருதயம் பற்றிய அத்தியாயத்தில் அவர்தான் எனக்கு விளக்கினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் இன்னும் அவருடைய கதவைத் தட்டுகிறார்கள். அவர் பிரஷர் பார்க்கிறார், கேள்வி கேட்கிறார், எங்கே போக வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிறார். சிலர் ஏமாற்றத்தோடு திரும்புகிறார்கள். அவர்களுக்கு இந்த இடைக்காலத்தில் நாம் என்ன செய்யப்போகிறோம் என்பதை வாசகர்களின் விவாதத்துக்கு விடுகிறேன்.